மேரிமூர் பூங்காவில் நடந்த வோமாட் விழா யாருக்காவது நினைவிருக்கிறதா?

கேள்வி | 2025 ஜூன் 3

சியாட்டிலை அடுத்த ரெட்மண்டில் கடந்த மாதம் திறக்கப்பட்ட மேரிமூர் வில்லேஜ் ரயில் நிலையத்தில் இறங்கிப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். உலகின் பல மூலைகளிலிருந்தும் கலைஞர்கள் வந்து பாடிய பெரிய இசை விழா ஒன்று ஒருகாலத்தில் அங்கே நடந்தது என்று அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். நாய்களை அவிழ்த்துவிடும் திடலையும் சைக்கிள் பந்தயத் தடத்தையும் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. சியாட்டில் சென்டரில் நடக்கும் ஃபோக்லைஃப் விழாவோடு அவர் குழப்பிக்கொள்கிறார் என்பது என் கருத்து. விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

பதில் | 2025 ஜூன் 3, இரவு

உங்கள் மூத்தவர் சொல்வதுதான் சரி. 1998 முதல் 2001 வரை, நான்கு கோடைகள், வோமாட் யூஎஸ்ஏ என்ற பெயரில் அந்த விழா ரெட்மண்டில் நடந்தது. ஃபோக்லைஃப் வேறு, அது மே மாத இறுதியில், மெமோரியல் டே விடுமுறையை ஒட்டி, சியாட்டில் நகரின் நடுவே இலவசமாக நடப்பது, 1972-இலிருந்து நடந்துவருவது. வோமாட் கோடையில், வாஷிங்டன் ஏரிக்குக் கிழக்கே, நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டிய விழா. பம்பர்ஷூட் விழாவை நடத்திவந்த ஒன் ரீல் என்ற லாப நோக்கற்ற அமைப்பே இதையும் நடத்தியது.

தொடர்ச்சி | ஜூன் 4

வோமாட் என்றால் என்ன என்று கேட்டிருந்த நண்பருக்கு.

இசை, கலை, நடன உலகம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. இது இங்கிலாந்தில் பிறந்த விழா. ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலும் நண்பர்களும் சேர்ந்து 1982 ஜூலையில் சாமர்செட் மாவட்டத்தின் ஷெப்டன் மேலட் ஊருக்கு அருகில் உள்ள கண்காட்சித் திடலில் முதல் விழாவை நடத்தினார்கள். புருண்டி நாட்டு மேளக் கலைஞர்களும் ஆங்கில ராக் குழுக்களும் ஒரே மேடையில் ஏறினார்கள். இசையைப் பொறுத்தவரை பெரும் வெற்றி, கணக்கைப் பொறுத்தவரை பெரும் நஷ்டம். கடன்காரர்கள் கதவைத் தட்டியபோது, கேப்ரியல் 1975-இல் விட்டுப் பிரிந்திருந்த ஜெனிசிஸ் குழுவின் பழைய தோழர்கள் அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், மில்டன் கீன்ஸ் திடலில் கொட்டும் மழையில், அவரோடு சேர்ந்து ஒரே ஒரு கச்சேரி செய்து கடனை அடைத்துக் கொடுத்தார்கள்.

இந்தப் பழங்கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நஷ்டம் என்பது மேரிமூருக்கு வந்து இந்த விழாவுக்குத் தொற்றிய நோய் அன்று. பிறக்கும்போதே கூட வந்தது. அதை யார் தோளில் சுமப்பது என்ற கேள்விக்கு ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விடையைச் சொன்னது. ரெட்மண்டுக்கு நிலையான விடை கிடைக்கவில்லை என்பது என் கட்சி. அதைப் பிறகு விரித்து எழுதுகிறேன்.

தொடர்ச்சி | ஜூன் 7

விழா எப்படி இருந்தது என்று பலர் கேட்பதால், மேடையைப் பற்றிச் சொல்வதற்கு முன் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேரிமூர் 640 ஏக்கர் பரப்புள்ள கவுன்ட்டி (மாவட்ட) நிர்வாகத்தின் பூங்கா. ஒருகாலத்தில் ஜேம்ஸ் கிளைஸ் என்ற வங்கியாளரின் பண்ணையாக இருந்தது. அவருடைய மாளிகையும் டச்சு பாணிக் காற்றாலையும் இன்னும் நிற்கின்றன. சமாமிஷ் ஏரியின் வடமுனையில், ஆறு புறப்படும் இடத்தில் அமைந்திருப்பதால் தரை ஒரே மட்டமாக இருக்கும். இந்தப் பக்கத்தில் ஜூலை மாதத்தில் மழை மிகக் குறைவு. புல் காய்ந்து பழுப்பேறிவிடும். சூரியன் மறைய ஒன்பது மணியாகும். ஆகவே மாலைக் கச்சேரி என்று அட்டவணை சொன்னது உண்மையில் வெயில் கச்சேரிதான். மேடை விளக்குகளுக்கு வேலை வந்தது கடைசிக் குழுவுக்கு மட்டுமே.

வெயிலின் விளைவை நேரில் கண்டேன். மேற்கு ஆப்பிரிக்கக் கோரா வாசிப்பவர் ஒருவர் மேடைக்கு வந்து அமர்ந்தார். பாதியாக வெட்டிய பெரிய சுரைக்குடுக்கையின் மேல் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, நீண்ட கழியில் இருபத்தொரு தந்திகளைப் பூட்டிய கருவி அது. பழைய முறையில் செய்த கோராவில் முறுக்காணி கிடையாது. ஒவ்வொரு தந்தியும் கழியைச் சுற்றிய ஒரு தோல் வளையத்தில் முடியும். அந்த வளையத்தைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளித்தான் சுருதி சேர்க்க வேண்டும். ஒரு தந்தியைச் சரிசெய்து அடுத்ததற்குப் போவதற்குள் முந்தையது வெப்பத்தில் தளர்ந்துவிட்டது. அவர் முகத்தில் எரிச்சலே இல்லை. வளையத்தைத் தள்ளுவார், இரண்டு சுரங்களைத் தட்டிப் பார்ப்பார், தலையைச் சாய்ப்பார், மறுபடி தள்ளுவார். எங்கே சுருதி சேர்ப்பது முடிந்து எங்கே வாசிப்புத் தொடங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் அருகில் இருந்தவருக்கும் தெரியவில்லை என்பது அவர் இரண்டு முறை கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியதிலிருந்து விளங்கியது.

தொடர்ச்சி | ஜூன் 7, சற்றுப் பின்னர்

விழாத் திடலில் கனடா வாத்துகள் இருந்தனவா என்று கேட்ட நண்பருக்கு: இருந்தன. நுழைவுச்சீட்டு வாங்கவில்லை. புல்வெளியில் எங்கே உட்காரலாம் என்பதை அவை முன்கூட்டியே முடிவு செய்து அடையாளமும் இட்டுவைத்திருந்தன.

தொடர்ச்சி | ஜூன் 9

பெரிய மேடையைப் பற்றி எழுதியது போதும். எனக்குக் கிடைத்த உண்மையான வரவு பயிலரங்குகளில்தான் கிடைத்தது. மேடையில் வாசித்த கலைஞரே சிறு கூடாரத்தில் ஐம்பது அறுபது பேருக்கு நடுவில் உட்கார்ந்து தம் கருவியைக் காட்டிச் சொல்லித்தருவது வோமாட் விழாக்களின் வழக்கம்.

ஒரு பிற்பகலில் மேள வகுப்பு ஒன்றுக்குப் போனேன். ஆசிரியர் எண்ணிக்கை எதையும் சொல்லித்தரவில்லை. இரும்பு மணி ஒன்றை ஒருவர் கையில் கொடுத்து ஒரே அடிக்கோவையைத் திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னார். மற்றவர்களை எழுந்து அதற்கேற்ப நடக்கச் சொன்னார். நான் பழக்கத்தால் தொடையில் விரல் போட்டு எண்ணினேன். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு மாத்திரை என்பது தெளிவாகப் பிடிபட்டது. நான்கு திஸ்ரமாக, அதாவது மும்மூன்றாக, பிரித்துக்கொண்டு நடந்தேன். எனக்கு எதிரே நடந்துவந்த பெண்மணியின் கால் மூன்று சதுஸ்ரமாக, அதாவது நந்நான்காக, விழுந்துகொண்டிருந்தது. இருவரில் ஒருவர் பிசகிவிட்டோம் என்று எண்ணி ஆசிரியரைப் பார்த்தேன். அவர் பாதத்தால் என் கணக்கையும் உள்ளங்கையால் அந்தப் பெண்மணியின் கணக்கையும் ஒருசேரப் போட்டுக்கொண்டு, வாயால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றின் முதல் அடி எது என்று கேட்டேன். மணி தட்டிக்கொண்டிருந்தவரைக் காட்டி, அவரைக் கேளுங்கள், கை வலிக்கும்போது அவருக்குத் தெரிந்துவிடும் என்றார்.

கணக்கை முன்வைத்துத் தாளத்தை அணுகிப் பழகிய எவருக்கும் அந்த அரைமணி நேரம் ஒரு நல்ல அடி. ஒரே சுற்றை இரண்டாகக் கேட்க முடியும் என்பது எனக்குப் புதிதன்று. இரண்டையும் சமமாக வைத்து எதையும் மேலே தூக்காமல் விட்டுவைப்பது புதிது. அதன் பிறகு கேட்ட ஆப்பிரிக்க இசை எல்லாமே எனக்கு வேறு மாதிரி கேட்டது.

தொடர்ச்சி | ஜூன் 12

விழா ஏன் நின்றது என்ற பகுதிக்கு வருகிறேன். மேலே ஒரு நண்பர் செப்டம்பர் 11 என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது பாதிக் காரணமாகக்கூட இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

முதலில் பணத்தைப் பாருங்கள். நான்கு பேர் கொண்ட உள்ளூர் ராக் குழு ஒரு வேனில் வந்து இறங்கிவிடும். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை இன்னொரு கண்டத்திலிருந்து அழைத்தால் பன்னிரண்டு விமானச் சீட்டு, மேளங்களுக்குத் தனிச் சரக்குக் கட்டணம், தங்குமிடம், மொழிபெயர்ப்பாளர். இந்தச் செலவைத் தாங்க ஒரே வழி, பக்கத்து ஊர்களின் விழாக்கள் கலைஞர்களைப் பகிர்ந்துகொண்டு சுற்றுப்பயணமாக மாற்றுவதுதான். சியாட்டில் அமெரிக்காவின் மூலையில் கிடக்கிறது. ஐரோப்பாவில் ரயிலேறி அடுத்த விழாவுக்குப் போகிற குழு, இங்கே வர ஒரு கடலையும் ஒரு கண்டத்தையும் தாண்ட வேண்டும்.

அடுத்தது விசா. இதில் இந்த இழையைப் படிப்பவர்களுக்குத் தனிச் சுவை உண்டு. நம்மில் பலரை எச்1பி விசாவில் இந்த நாட்டுக்கு அழைத்துவந்த ஐ-129 என்ற அதே படிவத்தில்தான் ஒரு மேளக் குழுவையும் அழைக்க வேண்டும். பெட்டியில் மட்டும் பி-3 என்று எழுத வேண்டும்; தனித்துவமான பண்பாட்டுக் கலைஞர்களுக்கான வகை அது. கூடவே உரிய தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம் வேண்டும், அவர்களுடைய கலை தனித்துவமானது என்பதற்குச் சான்றுகள் வேண்டும். 2001 ஜூனில் குடிவரவுத் துறை 1,000 டாலர் கூடுதலாகக் கட்டினால் 15 நாளில் முடிவு என்ற விரைவு முறையைக் கொண்டுவந்தது. மென்பொருள் நிறுவனத்துக்கு அது சில்லறை. பல நாட்டுக் குழுக்களை ஒரே வார இறுதிக்கு அழைக்கும் லாப நோக்கற்ற அமைப்புக்கு அது மலை.

தொடர்ச்சி | ஜூன் 13

விசா கெடுபிடிக்குக் காரணமே செப்டம்பர் 11 தானே என்று திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள். பிந்தைய ஆண்டுகளைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். கியூபப் பாடகர் இப்ராஹிம் ஃபெரர் 2004-இல் தம் சொந்த கிராமி விருதைப் பெறுவதற்கே விசா மறுக்கப்பட்டு வர முடியாமல் போனார். ஆனால் மேரிமூரின் கடைசி விழா 2001 ஜூலையில் முடிந்துவிட்டது. அப்போதே ஊரின் நிலைமை சரியில்லை. 2000 மார்ச்சில் 5,000 புள்ளிகளைத் தாண்டியிருந்த நாஸ்டாக் பங்குச் சந்தைக் குறியீடு அந்தக் கோடையில் 2,000-ஐ ஒட்டிக் கிடந்தது. பிப்ரவரி 28-இல் நிஸ்குவாலி நிலநடுக்கம். மார்ச்சில் போயிங் தன் தலைமையகத்தை வெளியூருக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. பதாகையில் பெயர் போடப் பணம் தரக்கூடிய நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. என் பக்கத்து இருக்கைக்காரரின் வேலையும் போனது. முந்தைய ஆண்டு ஒரு பெரிய கூட்டத்தையே சீட்டு வாங்கி அழைத்துக்கொண்டு போனவர் அவர்தான்.

தொடர்ச்சி | ஜூன் 20

2001-இல் பீட்டர் கேப்ரியல் நேரடியாக வந்து பாடினார் அல்லவா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆம், பாடினார். அவருடைய நெடுநாள் துணைவரான டோனி லெவின் பேஸ் கிட்டார் வாசித்தார். கேப்ரியலின் புதிய இசைத்தொகுப்பு அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் வெளிவந்தது. பல ஆண்டுகளாக மேடையில் அதிகம் தென்படாதவர் என்பதால் தொலைதூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. காலையிலிருந்தே பெரிய மேடைக்கு முன்னால் விரிப்புகளைப் போட்டு இடம்பிடித்துக்கொண்டு, நடுவில் பாடிய எவரையும் ஏறிட்டும் பாராமல் சீட்டாடிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருந்தார்கள். பெயர் தெரியாத கலைஞரைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே தொடங்கிய விழா, தெரிந்த ஒரு பெயருக்காகக் காத்திருக்கும் கூட்டமாகிவிட்டதே என்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் புலம்பினேன்.

தொடர்ச்சி | ஜூன் 21

நேற்று எழுதியதை இரவு முழுவதும் அசைபோட்டேன். இன்று கொஞ்சம் வேறு விதமாகத் தோன்றுகிறது. இடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத காரணத்தால் அந்த விரிப்புக்காரர்கள் அன்றைய பெரிய மேடை நிகழ்ச்சி ஒன்றையும் தவறவிடவில்லை. கூடாரத்துக்குக் கூடாரம் ஓடிய நான் ஒவ்வொன்றிலும் பாதியைக் கேட்டேன். அவர்கள் சீட்டாடியபடியே எல்லாவற்றையும் முழுமையாகக் கேட்டார்கள். நான்கு மணி வாக்கில், கேப்ரியல் படம் போட்ட பழைய சட்டை அணிந்த ஒருவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, மேடையில் இருப்பவர்கள் யார் என்று பக்கத்தில் கேட்டது என் காதில் விழுந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்குத்தான் கேப்ரியல் 1982-இலிருந்து தம் பெயரை அடகு வைத்துவந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இருந்தாலும் ஒரு பெயரை நம்பி ஆண்டுதோறும் விழா நடத்த முடியாது. அவர் வந்த ஆண்டுதான் கடைசி ஆண்டு.

தொடர்ச்சி | ஜூலை 2

பாகிஸ்தானியக் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் மேரிமூரில் பாடியிருக்கிறாரா என்ற கேள்விக்கு: வாய்ப்பே இல்லை. அவர் 1997 ஆகஸ்ட் 16-இல் லண்டனில் காலமானார். இங்கே விழா தொடங்கியது அடுத்த ஆண்டில். ஆனால் இரண்டு வகையில் அவருக்கு இந்தக் கதையில் இடம் உண்டு. 1985-இல் எசெக்ஸ் கடலோரத்தில் உள்ள மெர்சி தீவில் நடந்த வோமாட் விழாவில் நள்ளிரவு தாண்டியும் அவர் பாடிய கச்சேரிதான் மேற்குலகில் அவருக்குக் கதவைத் திறந்தது. மற்றொன்று, 1992-93 கல்வியாண்டில் அவர் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இனவரைவிசையியல் (பல மக்களின் இசையை ஆராயும்) துறையில் வருகைதரு கலைஞராக இருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1962-இல் தொடங்கிய அந்தத் துறை, வெவ்வேறு நாட்டுக் கலைஞர்களை ஆண்டுக்கணக்கில் அழைத்துவந்து தங்கவைத்துப் பாடம் சொல்லவைத்த துறை.

மழைக்கும் கிட்டாருக்கும் பெயர் போன ஊரில் இப்படி ஒரு விழாவைக் கேட்க யார் இருந்தார்கள் என்று முதலில் ஒருவர் ஏளனமாகக் கேட்டிருந்தார். அந்தத் துறையில் கேட்டுப் பழகியவர்கள் இருந்தார்கள். காதுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தயாராகிக்கொண்டிருந்தன. இந்த விழாவுக்குக் குறைந்தது காதன்று.

தொடர்ச்சி | ஜூலை 8

அப்படியானால் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மட்டும் வோமாட் எப்படி நிலைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, இதுதான் என் கட்சிக்கு அடிப்படை. அங்கே 1992-இல் நகரின் கலை விழாவின் ஓர் அங்கமாக வோமடிலெய்ட் தொடங்கியது. இடம் தாவரவியல் தோட்டத்தை ஒட்டிய பொட்டானிக் பார்க். நகர மையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தெற்கு ஆஸ்திரேலிய மாநில அரசு அதைத் தன் ஊரின் அடையாளமாகக் கருதிக் கைகொடுத்தது. முதலில் ஈராண்டுக்கு ஒரு முறை நடந்த விழாவை ஆண்டுதோறும் நடத்தத் தொடங்கியதே இரண்டாயிரங்களின் தொடக்கத்தில்தான். அதாவது மெல்ல நடந்து பழகிய பிறகே ஓடினார்கள்.

நமக்கு வடக்கே, வான்கூவரில், 1978-இலிருந்து நாட்டுப்புற இசை விழா நடக்கிறது. ஜெரிகோ கடற்கரைப் பூங்காவில், ஜூலையில், பெரும் தன்னார்வலர் படையோடு. அந்த விழாவும் 2023 தொடக்கத்தில் கலைக்கப்படப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. உறுப்பினர்கள் கூடிச் சண்டையிட்டு அதை மீட்டார்கள். சண்டையிடுவதற்கு அங்கே உறுப்பினர்கள் இருந்தார்கள். மேரிமூரில் நாங்கள் எல்லோரும் சீட்டு வாங்கியவர்கள் மட்டுமே. விழா நின்றபோது எங்கே போய்க் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்டதாகவும் நினைவில்லை.

இங்கிலாந்தின் தாய் விழாவே 2025-ஆம் ஆண்டில் ஓய்வு எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரெட்மண்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

தொடர்ச்சி | ஜூலை 9

வான்கூவர் விழாவை வோமாடோடு ஒப்பிடுவது பொருந்தாது என்ற மறுப்பைப் படித்தேன். இசை வகையில் பொருந்தாது. கணக்குப் புத்தகத்தில் பொருந்தும். நான் பேசியது இரண்டாவதைப் பற்றி.

தொடர்ச்சி | ஜூலை 24

இன்று மேரிமூரில் நடக்கும் கோடைக் கச்சேரிகள் அந்த விழாவின் தொடர்ச்சியா என்று புதிதாக வந்த ஒருவர் கேட்கிறார். இல்லை. 2002-இல் கிங் கவுன்ட்டி கடுமையான நிதி நெருக்கடியில் சிக்கியது. சிறு பூங்காக்களையும் நீச்சல் குளங்களையும் அந்தந்த நகராட்சிகளிடம் ஒப்படைக்கும் முயற்சி நடந்தது. பூங்காக்கள் தங்கள் செலவைத் தாங்களே ஓரளவு ஈட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. வாகனம் நிறுத்த ஒரு டாலர் வாங்கத் தொடங்கியதும் அந்த நாள்களில்தான். கோடைக் கச்சேரிகள் 2003-இல் தொடங்கின. பூங்காவுக்கு வருமானம் தேடித்தர வேண்டிய கச்சேரி, கூட்டம் சேர்க்கும் பெயரைத்தான் அழைக்கும். அதில் தவறு இல்லை. எனக்குப் பிடித்த சிலரையும் நான் அங்கே கேட்டிருக்கிறேன். ஆனால் மணியைக் கையில் கொடுத்து நடக்கச் சொல்லும் ஆசிரியருக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது.

மறுபடி தொடங்கலாமே என்று ஆர்வமாக எழுதியிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை. மூன்று நாள் விழாவையும் பெரிய மேடையையும் மறந்துவிடுங்கள். எப்படியும் வான்கூவருக்கோ சியாட்டிலுக்கோ வருகிற ஒரு குழுவிடம் ஒரு பிற்பகலைக் கேளுங்கள். விசாவும் விமானச் சீட்டும் இன்னொருவர் பொறுப்பில் ஏற்கெனவே முடிந்திருக்கும். உங்கள் செலவு ஒரு கூடாரமும் கவுன்ட்டி அனுமதியும் கலைஞருக்கு மரியாதையான ஒரு தொகையும் மட்டுமே. கார் இல்லாதவர்களும் இப்போது ரயிலில் வந்துவிடலாம். எங்கள் காலத்தில் 520 நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்துசேர்வதற்குள் முதல் குழு பாடி முடித்திருக்கும்.

தொடர்ச்சி | ஆகஸ்ட் 3

பழைய பெட்டியில் 1999-ஆம் ஆண்டு நிகழ்ச்சி நிரல் கையேடு கிடைத்திருப்பதாக எழுதிய நண்பருக்கு: உடனே ஸ்கேன் செய்து இங்கே ஏற்றுங்கள். கைப்பேசியில் ஒளிப்படம் எடுக்கும் காலம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்த விழா என்பதால் இணையத்தில் தேடினால் கிடைப்பது மிகச் சொற்பம். அட்டைப் படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேடை வாரியாக நேரம் அச்சிட்ட நடுப்பக்கத்தை முதலில் ஏற்றுங்கள். அந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெரிய மேடையில் இருந்தது யார் என்று மேலே இரண்டு பேர் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.